கடனைப் போல கணக்கையும் கொடுத்து வாங்கினோம்



சிறப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கூட்டமைப்புத் தலைவி அக்கா கேட்டபோது, "எனக்கு என்னக்கா எழுத வரும், தீர்மானம் எழுதித்தான் பழக்கம்" என்றேன். "அதே மாதிரி எழுது. நடந்ததை நடந்தபடி எழுது. நல்லதை மட்டும் எழுதிராத" என்றார்கள். அந்தச் சொல்லை வைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பழைய தீர்மானப் புத்தகங்களை எல்லாம் எடுத்துப் புரட்டினேன். 2020 ஜூலை மாதக் கூட்டத்தில் ஐந்தாவது தீர்மானம் இப்படி இருக்கிறது: "பிள்ளைகளுக்குப் போனில் படிப்பு சொல்லிக் கொடுப்பது பற்றிப் பேசப்பட்டது." அவ்வளவுதான். என் கையெழுத்துதான் அது. ஒரு வருஷத்துக்கு மேல் ஊரே சேர்ந்து செய்த வேலைக்கு ஒற்றை வரி. அந்த வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை நம் பேத்திமார்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

சட்டாம்பிள்ளை காலம்

முதலில் ஒரு பழைய கதை. ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னது. பிறகு என் மகள் புத்தகங்களில் தேடிப் படித்துக் காட்டினாள்.

நம் ஊர்களில் முன்னே திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்ததை அப்பத்தாமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரே வாத்தியார், பல வயசுப் பிள்ளைகள். அவர் ஒருத்தரால் எல்லாருக்கும் சொல்லித்தர முடியாது. அதனால் மூத்த பையன் ஒருவன் சின்னப் பிள்ளைகளை மணலில் எழுத வைப்பான், வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பேர். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' புத்தகத்திலும் சட்டாம்பிள்ளை வருகிறார்.

1789-இல் சென்னை எழும்பூரில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர்களின் அநாதைப் பையன்களுக்காக ஒரு பள்ளி நடந்தது. அதற்குப் பொறுப்பாளராக இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். சம்பள வாத்தியார்கள் ஒப்பவில்லை. "சரி, நீ சொல்லிக்கொடு" என்று ஜான் ஃபிரிஸ்கின் என்ற 8 வயசுப் பையனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். அந்தப் பையன் சொல்லிக்கொடுத்துவிட்டான்! பெல் ஊர் திரும்பி 1797-இல் இதைப் புத்தகமாகப் போட்டார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறைக்கு இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்றே பேர் விழுந்தது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில், அவர் விட்டுப்போன பணத்தில் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பேர்.

கேட்கப் பெருமையாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் இருந்தது. ஆனால் என் மகள் இன்னொரு கணக்கையும் காட்டினாள். 1822-இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிக்கூடங்கள். 1,88,650 பிள்ளைகள். அதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர். நூறு பேரில் மூன்று பேர்கூட இல்லை. திண்ணை இருந்தது, சட்டாம்பிள்ளையும் இருந்தார். நம்ம பாட்டிமார் மட்டும் அங்கே இல்லை. பல ஊர்களில் சேரித் தெருப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடமில்லை. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் அந்த 'ஒருத்தர்' யார் யார் என்று பார்க்கணும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அறிவொளி

நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொம்பளைகளுக்குத் திண்ணை கிடைத்தது 1991-இல்தான். அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது எனக்கு வயசு 17. எட்டாவதோடு நிறுத்தி மாடு மேய்க்க விட்டிருந்தார்கள். "எட்டு படிச்சிருக்கியா? அப்ப நீதான் டீச்சர்" என்றார்கள். ஒரு தொண்டருக்குப் பத்துப் பேர். சம்பளம் கிடையாது. என் பத்துப் பேரில் என் அம்மாவும் ஒருத்தி, பெரியம்மா ஒருத்தி, கல்குவாரிக்குப் போகிற அக்காமார் நாலு பேர்.

இரவு எட்டு மணிக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கடியில் உட்காருவோம். முதல் வாரம் அம்மா பேசவே இல்லை. பெற்ற மகளிடம் 'அ' கற்றுக்கொள்ள வெட்கம். நாலாம் நாள் பெரியம்மாதான் சொன்னாங்க: "ஏத்தா, உனக்குக் களை எடுக்கச் சொல்லிக் குடுத்தது நானு. எனக்கு எழுத்து சொல்லிக் குடுக்கறது நீ. சரியாப் போச்சு." அதற்கப்புறம் அம்மாவும் கையைக் கொடுத்தாள். எனக்கு அன்றைக்குப் புரிந்தது, சொல்லிக்கொடுப்பதில் மேலே கீழே கிடையாது, முறை மாறி மாறி வரும்.

ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் வந்தது நம் எல்லாருக்கும் தெரியும். ஒரு லட்சத்துக்கும் மேலான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். யார் நமக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது? வாத்தியாரா? முந்தின வாரம் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட இன்னொரு பொம்பளைதான். 1992 ஆகஸ்டில் மாவட்டமே எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள்.

பின்னால் மகளிர் திட்டம் வந்தது. எங்கள் குழு 2001-இல் அமைந்தது. முதல் கூட்டத்தில் 15 பேரில் 6 பேர் கைநாட்டு. ஊக்குநர் எனக்குப் பேரேடு எழுதச் சொல்லிக்கொடுத்தார். நான் அடுத்த குழுப் பிரதிநிதிக்குச் சொல்லிக்கொடுத்தேன். பேங்க் சலான் நிரப்புவது, பாஸ்புக் பதிவு பார்ப்பது எல்லாம் ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குப் போனதுதான். உள்கடன் மாதிரி. நம் பணத்தை நமக்குள்ளே சுழற்றுவது போல, தெரிந்ததை நமக்குள்ளே சுழற்றினோம்.

பள்ளிக்கூடம் மூடிய காலம்

2020 மார்ச் நடுவில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். இரண்டு வாரத்தில் திறப்பார்கள் என்று நினைத்தோம். எட்டாம் வகுப்பு வரைக்கும் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஏறக்குறைய 19 மாதம்.

கல்வி டிவியில் பாடம் போட்டார்கள். பாடப் புத்தகத்தில் க்யூஆர் குறி இருந்தது, போனில் பிடித்தால் பாடம் வரும். எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் டிவியைப் பார்த்து "புரியல டீச்சர், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க முடியாதே. டச் போன் வீட்டுக்கு ஒன்று, அதுவும் அப்பா கையில். அப்பா ராத்திரிதான் வருவார். பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போனார்கள், தைல மரத் தோப்பில் சுள்ளி பொறுக்கினார்கள், கடலை ஆய வந்தார்கள்.

ஜூலை மாதம் ஒரு உறுப்பினர் கடன் கேட்டு வந்தார். "எதுக்குத்தா?" என்றேன். "போன் வாங்கக்கா. மூணாவது படிக்கிற மகன் பேர் எழுத மறந்துட்டான்." கடன் மனுவில் காரணம் என்ற இடத்தில் 'பேர் எழுத மறந்துவிட்டான்' என்று எழுத முடியுமா? 'கல்விச் செலவு' என்று எழுதினேன். எழுதும்போதே கை நின்றது. இப்படி வீட்டுக்கு வீடு போன் கடன் கொடுத்தால் நம் குழு தாங்குமா? போன் வந்தாலும் அதில் யார் சொல்லிக்கொடுப்பது?

அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு சின்னம்மா சொன்னதுதான் தொடக்கம். "ஏன் யோசிக்கிறீங்க? ஊர்ல பத்தாவது படிச்ச புள்ள, பன்னெண்டாவது படிச்ச புள்ள, காலேஜ் புள்ளன்னு எல்லாம் வீட்டுலதானே சும்மா கெடக்கு? பெரிய புள்ள சின்னப் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கட்டும். போன் வழியாக் குடுக்கட்டும்."

வாட்ஸ்அப்பில் திண்ணை

என் மகள்தான் வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். முதலில் எல்லாரையும் ஒரே குழுவில் போட்டோம். அந்தக் காலத்தில் ஒரு குழுவில் 256 பேர்தான் சேர முடியும். எங்களுக்கு அது பிரச்சினை இல்லை. பிரச்சினை வேறு. காலையில் எழுந்தால் 'இனிய காலை வணக்கம்', சாமி படம், கொரோனாவுக்குக் கை வைத்தியம். பாடம் எங்கே போனதென்று தேட வேண்டியிருந்தது. ஒரே வாரத்தில் கலைத்துவிட்டு, 1 முதல் 3, பிறகு 4 - 5, 6 முதல் 8, 9 - 10 என்று நாலாகப் பிரித்தோம். பாட நேரம் தவிர மற்ற நேரத்தில் பொறுப்பாளர் மட்டும் பதிவு போடலாம் என்று மாற்றினோம்.

வீடியோ போட்டால் ஒரு நாளைக்கு வரும் டேட்டா அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. அதனால் குரல் பதிவுதான். நோட்டில் எழுதி ஒரு போட்டோ, அதற்கு இரண்டு நிமிடக் குரல் விளக்கம். டைப் பண்ணத் தெரியாத தாய்மாருக்கும் இது தோதாக இருந்தது. ஐந்து இடத்தில், போன் உள்ள ஒரு வீட்டு வாசலில் அல்லது மரத்தடியில், ஆறேழு பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்கார்ந்து ஒரு போனைக் கேட்பார்கள். நூறு நாள் வேலை, காட்டு வேலை முடிந்து அப்பாமார் போன் கைக்கு வரும் நேரம் பார்த்து, சாயங்காலம் ஏழு மணி என்று வைத்தோம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு. காலா பெரிசு, அரைக்காலா பெரிசு என்றால், கீழே 8 இருக்கிறதே என்று எல்லாப் பிள்ளையும் எட்டில் ஒன்றுதான் பெரிசு என்கிறது. டிவியில் வட்டம் வரைந்து காட்டினார்கள், ஏறவில்லை. ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை குரல் பதிவு போட்டாள்: "ஒரு படியில நாலு உழக்கு. எட்டு ஆழாக்கு. உங்கம்மா கடலை அவிச்சு உழக்குல அளந்து குடுத்தா உனக்கு நெறையக் கெடைக்குமா, ஆழாக்குல குடுத்தா கெடைக்குமா?" அவ்வளவுதான். மறுநாள் எல்லாரும் சரியாகப் போட்டார்கள். அந்தப் பிள்ளை எட்டாவதில் கணக்கில் தட்டுத்தடுமாறி வந்தவள். தடுமாறினவளுக்குத்தான் எங்கே தடுமாறும் என்று தெரிகிறது.

பிள்ளைகளுக்கு மட்டும் என்றுதான் தொடங்கினோம். வாசலில் கடலை ஆய்ந்துகொண்டே தாய்மாரும் கேட்டார்கள். ஒரு மாதக் கூட்டத்தில் அறுபது வயசு உறுப்பினர் ஒருவர் தன் பாஸ்புக்கை என் முன்னால் வைத்தார். "ஐயாயிரம் வாங்கினேன். ஆயிரம் கட்டிட்டேன். மிச்சம் நாலாயிரத்துக்கு மாசம் நூத்துக்கு ஒண்ணுன்னா நாப்பதுதானே வரும்? நீ அம்பது போட்டிருக்கியே?" கூட்டம் சிரித்தது. தப்பு என்னுடையதுதான், திருத்தி எழுதினேன். "யாருக்கா சொல்லிக் குடுத்தா?" என்றேன். "எம் பேத்தி போன்ல ஆறாவது கணக்கு ஓடுச்சு. கேட்டேன்" என்றார்.

எங்கள் தவறுகள்

தலைவி அக்கா சொன்னபடி, இப்போது நல்லது இல்லாததையும் எழுதுகிறேன்.

முதல் தவறு என்னுடையது. நாலாவது படிக்கும் ஒரு பையன் கழித்தல் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருந்தான். அந்தப் போட்டோவைக் குழுவில் போட்டு, "இதுல எத்தனை தப்பு இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்" என்றேன். விளையாட்டாகத்தான். எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அந்தப் பையன் மறுநாள் வரவில்லை. வாரம் ஆகியும் வரவில்லை. நானே அவன் வீட்டுக்குப் போய், என் பழைய பேரேட்டில் நான் போட்டிருந்த அடித்தல் திருத்தலையெல்லாம் காட்டினேன். "அக்காவும் தப்புப் போடுவீங்களா?" என்றான். அதற்கப்புறம்தான் வந்தான். தப்பான விடையைத் தனியாகச் சொல்லணும், சரியான விடையை எல்லார் முன்னாலும் சொல்லணும் என்று அன்றைக்கு விதி எழுதினோம்.

இரண்டாவது தவறு பெரியது. குழுவில் இருந்தால் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். இதை யோசிக்காமல் விட்டோம். சொல்லிக்கொடுக்கிற ஒரு பிள்ளைக்கு ராத்திரி பதினொரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன். மூன்று நாள் தொடர்ந்து. அவள் பயந்து யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்ததும் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். அதைக் கேள்விப்பட்டு இன்னும் நாலு வீட்டில் பெண் பிள்ளைகளை நிறுத்தினார்கள். ஒருத்தன் செய்த தப்புக்கு ஐந்து பிள்ளைகள் படிப்பை இழந்தார்கள். நாங்கள் கூடிப் பேசி, பிள்ளை நம்பர் வேண்டாம், தாய் நம்பர் மட்டும் என்று மாற்றினோம். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு தாய்மார் பொறுப்பாளர். தெரியாத நம்பர் எதையும் சேர்ப்பதில்லை. தனிச் செய்தியில் பாடம் கிடையாது, எதுவானாலும் குழுவில்தான். அப்படி யாராவது தொந்தரவு செய்தால் பிள்ளையைத் திட்டக்கூடாது, முதலில் பொறுப்பாளரிடம் சொல்லணும். இதைத் தாய்மார் வீடு வீடாகப் போய்ச் சொன்ன பிறகு நாலு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஒருத்தி வரவே இல்லை.

மூன்றாவது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லணும். ஐந்து இடம் என்று சொன்னேனே, அதில் காலனித் தெருவுக்குத் தனியாக ஓர் இடம் வைத்திருந்தோம். அவரவர் தெருவில் அவரவர் என்று நாங்களாகவே வைத்துக்கொண்டது. காலனித் தெருக் குழுப் பிரதிநிதி கூட்டமைப்புக் கூட்டத்தில் எழுந்து கேட்டார்: "எங்க தெரு பி.எஸ்சி. புள்ளை போட்ட பாடத்தை உங்க தெருப் புள்ளைங்க போன்ல கேக்குது. அதுவே அந்த மரத்தடிக்கு வந்து உக்காந்தா ஆகாதா?" யாருக்கும் பதில் இல்லை. மன்றோ காலத்துத் திண்ணையைத்தான் நாங்கள் வாட்ஸ்அப்பில் கட்டியிருந்தோம். அடுத்த வாரத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிறவர்கள் தெரு மாறிப் போகணும் என்று தீர்மானம் போட்டோம். எங்கள் தெருவில் மூன்று வீட்டார் பிள்ளைகளை நிறுத்தினார்கள். நாங்கள் கெஞ்சவில்லை. தீர்மானத்தையும் மாற்றவில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகள் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டு பிள்ளைகள்

உழக்குக் கணக்குச் சொன்ன பிள்ளையைப் பற்றி மறுபடி சொல்லணும். 2021 தை மாதம் மூன்று நாளாக அவள் குரல் பதிவு வரவில்லை. நாங்கள் பெரியவர்கள் கவனிக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான், "உழக்கு அக்கா எங்க? உழக்கு அக்கா எங்க?" என்று குழுவில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு பையன் அவள் வீட்டுக்கே போய்விட்டான். வந்து சொன்னான்: "அக்காவுக்குப் பூ வெச்சிருக்காங்க."

அவளுக்கு வயசு 14. அன்று ராத்திரியே நாங்கள் ஆறு பேர் போனோம். அவள் அம்மாவும் குழு உறுப்பினர்தான். அவர் அழுதுகொண்டே கேட்டார்: "பள்ளிக்கூடமும் இல்ல, வேலையும் இல்ல. வயசுப் புள்ளைய வீட்டுல வெச்சுக்கிட்டு நான் என்னக்கா செய்ய?" 18 வயசுக்கு முன்னால் கல்யாணம் சட்டப்படி குற்றம், 1098-க்குப் போன் போனால் அதிகாரிகள் வருவார்கள் என்று சொன்னோம். ஆனால் அவர் மனசை மாற்றியது அது இல்லை என்றுதான் நினைக்கிறேன். எங்களோடு வந்த ஒரு உறுப்பினர் தன் போனை எடுத்து, "உழக்கு அக்கா எங்க?" என்று பிள்ளைகள் கேட்ட குரல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். பதினேழு குரல். அந்தம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "இத்தனை புள்ளைங்க எம் மகளைத் தேடுதா?" என்றார். பூவைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிப்ரவரி 8-ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பு திறந்ததும் பள்ளிக்கூடம் போனாள். இப்போது நர்சிங் படிக்கிறாள்.

இதோடு முடித்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் இன்னொரு பிள்ளை இருந்தாள். பத்தாம் வகுப்பு. அமைதியான பிள்ளை. எல்லாப் பாடத்தையும் கேட்பாள், ஒரு நாளும் பேசமாட்டாள். பாடம் கேட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்துகொண்டே இருக்கும். ஆனி மாதம் ஊரடங்கில், இருபது பேரை வைத்துக்கொண்டு அவளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்தது ஒரு மாதம் கழித்து. அந்த ஒரு மாதமும் நீலக் குறி விழுந்துகொண்டுதான் இருந்தது. அதே போனில் அவள் தம்பி பாடம் கேட்டிருக்கிறான்.

அவளை யாரும் தேடவில்லை, ஏனென்றால் அவள் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் சட்டாம்பிள்ளை ஆக்கிவிட்டு, மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே இருக்க விட்டுவிட்டோம். இன்றைக்கும் அவள் அம்மா குழுக் கூட்டத்துக்கு வரும்போது என்னால் முகம் கொடுத்துப் பேச முடிவதில்லை.

அதற்கப்புறம் ஒரே ஒரு விதி சேர்த்தோம். குழுவில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் வாரத்துக்கு ஒரு தடவையாவது இன்னொருத்தருக்கு எதையாவது சொல்லிக்கொடுக்கணும். பாடம் தெரியாவிட்டால் கோலம், பல்லாங்குழி, ஆட்டுக்கு எந்தத் தழை ஆகாது என்று எதுவானாலும் சரி. ஒரு வாரம் யார் குரல் வரவில்லையோ, அந்த வீட்டுக்குப் பொறுப்பாளர் தாய் நேரில் போகணும். சேமிப்புக் கட்டாத உறுப்பினர் வீட்டுக்கு நாம் போகிறோமே, அதே மாதிரி.

பின்னால் நடந்தது

2021 அக்டோபர் 27-இல் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் பிள்ளைகளில் படிப்புத் தகுதி இருந்தவர்கள் தன்னார்வலராகச் சேர்ந்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையும் கிடைத்தது. ஒரு வருஷம் சும்மா சொல்லிக்கொடுத்துப் பழகியவர்களுக்கு அது கஷ்டமான வேலையாக இல்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் நாலு குழுவில் இரண்டு தானாக ஓய்ந்தது. அது சரிதான், பள்ளிக்கூடத்துக்குப் பதில் வாட்ஸ்அப் ஆகாது. ஆனால் தாய்மார் விடவில்லை. "புள்ளைங்க போகட்டும், எங்களுக்குச் சொல்லுங்க" என்றார்கள். ஏடிஎம்மில் பணம் எடுப்பது, ஜிபேயில் அனுப்புவது, ஓடிபி கேட்டு வருகிற திருட்டுப் போனைக் கண்டுபிடிப்பது என்று பாடம் மாறியது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்தபோது, பேங்கிலிருந்து வந்த செய்தியை எப்படிப் படிப்பது என்று ஏழாவது படிக்கும் பிள்ளைகள் அப்பத்தாமாருக்குக் குரல் பதிவு போட்டார்கள். 1991-இல் என் அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தபோது இருந்த அதே வெட்கம், அதே சிரிப்பு.

வேறு ஊராட்சிச் சகோதரிகள் நாங்களும் தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். தொடங்குங்கள். எங்களுக்குப் பட்டுத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்:

1. சின்னதாகத் தொடங்குங்கள். ஒரு குழு, முப்பது பிள்ளைகளுக்குள்.
2. தாய் நம்பர் மட்டும். இரண்டு தாய்மார் பொறுப்பாளர்.
3. நேரம் குறித்து வையுங்கள். மற்ற நேரத்தில் குழுவை மூடி வையுங்கள்.
4. குரல் பதிவு போதும். போன் இல்லாத பிள்ளையை முதலில் கணக்கெடுங்கள், அதற்கப்புறம் போன் உள்ள பிள்ளையை.
5. தப்பைத் தனியாகச் சொல்லுங்கள்.
6. தெரு பார்த்து உட்கார வைக்காதீர்கள்.
7. யாரையும் கேட்கிறவராக மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஏழாவதை இரண்டு தடவை படியுங்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து மகளிடம் காட்டினேன். நாலு எழுத்துப் பிழை கண்டுபிடித்தாள். தனியாகத்தான் சொன்னாள்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் அந்த 2020 ஜூலை வரிக்குப் பக்கத்தில், 'விவரம் சிறப்பு மலரில் காண்க' என்று எழுதலாம் என்றிருக்கிறேன். உறுப்பினர்கள் சம்மதம் தரவும்.

வணக்கத்துடன்,
ஒரு குழுவின் ஊக்குநர், முன்னாள் கூட்டமைப்புச் செயலாளர்